மருத்துவர் பதில்கள்: இம்யூனோதெரபியும் குடலில் வாழும் பாக்டீரியாக்களும்

புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி எடுத்துக்கொள்பவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரும் உணவைப் பற்றிக் கேட்டு எழுதிய கடிதங்கள் அண்மையில் நிறைய வந்திருக்கின்றன. அவற்றுள் ஆறு கேள்விகளை எடுத்துக்கொண்டு, இந்த இதழில் இந்த ஒரு பொருளைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: என் அண்ணனுக்கு நுரையீரல் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இம்யூனோதெரபி மருந்து ஏற்றுகிறார்கள். இந்த மருந்து வேலை செய்யுமா என்பதைக் குடலில் உள்ள பாக்டீரியாக்களே தீர்மானிக்கின்றன என்று படித்தேன். நுரையீரலில் இருக்கும் கட்டிக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: உங்கள் அண்ணனுக்கு ஏற்றப்படும் மருந்து புற்றுநோய் செல்களை நேரடியாகக் கொல்வதில்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன். நம் ரத்தத்தில் சுற்றிவரும் டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்பு செல்கள் கட்டியை அடையாளம் கண்டு தாக்கக்கூடியவை. ஆனால் அந்தச் செல்களின் மேற்பரப்பில், அளவுக்கு மீறித் தாக்கிவிடாமல் அவற்றை அடக்கிவைக்கும் பிரேக் போன்ற புரதங்கள் உண்டு. பி.டி.-1, சி.டி.எல்.ஏ.-4 என்பவை அவற்றுள் முக்கியமானவை. கட்டி இந்த பிரேக்கை அழுத்தித் தன்னைக் காத்துக்கொள்கிறது. மருந்து அந்த பிரேக்கை விடுவிக்கிறது. இதைக் கண்டுபிடித்ததற்காக ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹோன்ஜோவும் 2018-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார்கள்.

பிரேக்கை எடுத்துவிட்டாலும், ஓடுவதற்கு வண்டி ஆயத்தமாக இருக்க வேண்டுமே. டி செல்கள் போதிய எண்ணிக்கையிலும் விழிப்புடனும் இருந்தால்தான் மருந்துக்குப் பலன் கிடைக்கும். அந்த விழிப்பைப் பேணும் இடங்களில் முதன்மையானது குடல். உடலின் எதிர்ப்பு செல்களில் பெரும் பங்கு குடல் சுவரை ஒட்டியே வாழ்கிறது. அந்தச் சுவருக்கு மறுபுறம், பெரும்பாலும் பெருங்குடலில், ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. எது நண்பன், எது பகை என்று எதிர்ப்பு செல்கள் ஒவ்வொரு நாளும் பழகிக்கொள்வது இந்தக் கூட்டத்தோடுதான்.

இந்தத் தொடர்பு தெளிவாக வெளிப்பட்ட சோதனை ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். சிகாகோ பல்கலைக்கழகத்தில் தாமஸ் கஜெவ்ஸ்கியின் குழுவினர், ஒரே இனத்தைச் சேர்ந்த எலிகளை இரண்டு வெவ்வேறு வளர்ப்பகங்களிலிருந்து வாங்கி, மெலனோமா என்னும் தோல் புற்றுநோயை அவற்றுக்கு உண்டாக்கினார்கள். மரபணுவில் வேறுபாடு இல்லாதபோதும், ஓரிடத்திலிருந்து வந்த எலிகளில் கட்டி மெதுவாகவும் மற்றவற்றில் வேகமாகவும் வளர்ந்தது. பிறகு இரு வகை எலிகளையும் ஒரே கூண்டில் சேர்த்து வளர்த்துப் பார்த்தபோது அந்த வேறுபாடு மறைந்தே போனது. எலிகள் ஒன்றன் புழுக்கையை மற்றொன்று தின்னும் பழக்கம் உள்ளவை. அதன் வழியாகக் குடல் பாக்டீரியாக்கள் இடம் மாறிவிட்டன. பிஃபிடோபாக்டீரியம் என்ற வகையை வாய்வழியாகக் கொடுத்தபோது கட்டியின் வளர்ச்சி தணிந்தது. இம்யூனோதெரபி மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது வளர்ச்சி ஏறத்தாழ நின்றுவிட்டது. 2015-இல் இந்த முடிவு வெளியான அதே வேளையில், பிரான்ஸில் லாரன்ஸ் சிட்வோகலின் குழுவும் வேறொரு மருந்தை வைத்து, குடல் பாக்டீரியா இல்லாத எலிகளில் அந்த மருந்து பலிப்பதில்லை என்று காட்டியது.

மனிதர்களைப் பற்றிய சான்று 2018-இல் வந்தது. மருந்துக்கு நன்கு பலன் கண்ட மெலனோமா நோயாளிகளின் குடலில் பாக்டீரியா வகைகள் அதிகமாக இருந்தன. பலன் காணாதவர்களிடம் அந்தப் பன்மை குறைந்திருந்தது. நுரையீரல், சிறுநீரகப் புற்றுநோய் உள்ளவர்களில் பலன் கண்டவர்களிடம் அக்கர்மான்சியா என்ற பாக்டீரியா கூடுதலாகக் காணப்பட்டது. நோயாளிகளின் மலத்தை எலிகளின் குடலுக்கு மாற்றியபோது, பலன் கண்டவரிடமிருந்து பெற்ற எலிக்கு மருந்து வேலை செய்தது, பலன் காணாதவரிடமிருந்து பெற்ற எலிக்கு வேலை செய்யவில்லை.

பாக்டீரியாக்கள் வெளிவிடும் பொருள்கள் ரத்தத்தில் கலந்து தொலைவிலுள்ள டி செல்களை எட்டுவதும், குடலில் பழக்கப்பட்ட எதிர்ப்பு செல்கள் கட்டி இருக்கும் இடத்துக்கு நகர்ந்து செல்வதும், குடலும் நுரையீரலும் இணையும் வழிகளில் இரண்டு. ஆனாலும் 'தீர்மானிக்கின்றன' என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். கட்டியின் தன்மை, அதிலுள்ள மரபணு மாற்றங்கள், நோய் பரவியுள்ள அளவு, நோயாளியின் உடல்நிலை ஆகியவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய காரணங்களில் குடல் பாக்டீரியாவும் ஒன்று. அவ்வளவே அதன் இடம்.

கேள்வி: அப்படியானால் நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் மாத்திரைகளை வாங்கிச் சாப்பிட்டால் போதாதா? மருந்துச் சீட்டே தேவையில்லாமல் கிடைக்கிறதே!

பதில்: எனக்கு மிகவும் கவலையளிக்கும் கேள்வி இது. மெலனோமாவுக்கு இம்யூனோதெரபி தொடங்கவிருந்த ஒருவர், ஒருநாள் தம் பையிலிருந்து ஏழு புட்டிகளை எடுத்து என் மேசையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் கோடிக்கணக்கில் பாக்டீரியா இருப்பதாக அச்சிட்டிருந்தது. அவர் மகள் அன்போடு தேடித் தேடி வாங்கிக் கொடுத்தவை அவை. அந்த ஏழையும் நிறுத்திவைக்கச் சொன்னபோது அவர் முகம் வாடியதை நான் இன்னும் மறக்கவில்லை.

நிறுத்தச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த ஜெனிஃபர் வார்கோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், போதிய நார்ச்சத்து சாப்பிட்டுக்கொண்டு, புரோபயாடிக் எதுவும் எடுக்காமல் இருந்த மெலனோமா நோயாளிகளிடமே மிக நல்ல பலன் காணப்பட்டது. கடைகளில் விற்கும் புரோபயாடிக்குகளை எலிகளுக்குக் கொடுத்தபோது, இம்யூனோதெரபியின் பலன் குறைந்து கட்டிகள் பெரிதாயின. ஆன்டிபயாட்டிக் எடுத்து முடித்த நலமான மனிதர்களிடம் இஸ்ரேலில் நடந்த வேறோர் ஆய்விலும், புரோபயாடிக் சாப்பிட்டவர்களின் சொந்தக் குடல் பாக்டீரியாக்கள் மீண்டு வரத் தாமதமாயிற்று. வெளியிலிருந்து திரளாக வந்திறங்கும் ஓரிரு வகைகள், பல நூறு வகைகள் வாழ வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

'நல்ல பாக்டீரியா' என்று ஒன்றுக்கு முத்திரை குத்திவிடவும் முடியாது. மேலே சொன்ன அக்கர்மான்சியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் புற்றுநோயாளிகள் 338 பேரிடம் நடந்த ஆய்வில், அது குடலில் இருந்தவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது உண்மை. ஆனால் அளவுக்கு மீறிப் பெருகியிருந்தவர்களுக்கு நிலைமை மோசமாகவே இருந்தது. ஐந்து வெவ்வேறு நோயாளிக் குழுக்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வொன்றில், எல்லாக் குழுக்களிலும் ஒரே மாதிரி நன்மை காட்டிய ஒற்றை பாக்டீரியா எதுவும் அகப்படவில்லை.

எல்லா பாக்டீரியாவும் பயனற்றவை என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். ஜப்பானில் நெடுங்காலமாகப் பயன்பாட்டிலுள்ள ஒரு குறிப்பிட்ட க்ளோஸ்ட்ரிடியம் பியூட்டிரிகம் வகையை, சிறுநீரகப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு இம்யூனோதெரபியோடு சேர்த்துக் கொடுத்தபோது, நோய் வளராமல் கட்டுக்குள் இருந்த காலம் நடுமதிப்பாக 12.7 மாதங்கள், அதைப் பெறாதவர்களுக்கு 2.5 மாதங்கள். ஆனால் பங்கேற்றவர்கள் 30 பேர்தான். அளவும் வகையும் வரையறுத்து, மருத்துவர்கள் கண்காணித்து நடத்திய அந்தச் சோதனையை, தாமாக வாங்கி விழுங்கும் மாத்திரையோடு ஒப்பிடக் கூடாது.

கேள்வி: நார்ச்சத்து நல்லது என்கிறார்கள். எவ்வளவு சாப்பிட வேண்டும், எப்படிச் சாப்பிட வேண்டும் என்று யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. நீங்களாவது சொல்லுங்கள்.

பதில்: மேற்சொன்ன 2021 ஆய்வில் 128 மெலனோமா நோயாளிகளின் உணவைக் கணக்கெடுத்தார்கள். நாளொன்றுக்கு 20 கிராம் அல்லது அதற்கு மேல் நார்ச்சத்து சாப்பிட்டவர்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்த காலம் நீண்டிருந்தது. ஒவ்வொரு 5 கிராம் கூடும்போதும் நோய் முற்றுவதற்கோ இறப்பதற்கோ உள்ள அபாயம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்து காணப்பட்டது. காய்கறி, பழம், முழுத் தானியம், பருப்பு, கொட்டை வகைகள், மீன், ஆலிவ் எண்ணெய் ஆகியவை மிகுந்த மத்தியதரைக்கடல் பகுதி உணவுமுறையைக் கடைப்பிடித்த மெலனோமா நோயாளிகளிடமும் பலன் கூடுதலாக இருந்ததாக, பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் 91 பேரிடம் நடந்த ஆய்வு 2023-இல் காட்டியது. இவை இரண்டுமே, சாப்பிட்டதையும் பலனையும் அருகருகே வைத்துப் பார்த்த ஆய்வுகள். காய்கறி அதிகம் சாப்பிடுபவர் வேறு வகைகளிலும் உடலைப் பேணுபவராக இருக்கலாம் என்பதால், உணவுதான் காரணம் என்று இவை முழுமையாக நிறுவிவிடவில்லை. அதை நிறுவுவதற்காகவே, நோயாளிகளுக்கு உணவைச் சமைத்துக் கொடுத்து ஒப்பிடும் சோதனைகளை இப்போது நடத்துகிறார்கள். ஆனால் நார்ச்சத்துள்ள உணவு இதயத்துக்கும் பெருங்குடலுக்கும் நல்லதென்று ஏற்கெனவே தெரியும் என்பதால், முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

நாம் விழுங்கும் நாரை நம் குடலால் செரிக்க முடியாது. அதை உடைக்கும் நொதிகள் நம்மிடம் இல்லை. அது சிறுகுடலைக் கடந்து அப்படியே பெருங்குடலை அடைகிறது. அங்கே பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து பியூட்டிரேட், அசிட்டேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. குடல் சுவரின் செல்கள் பியூட்டிரேட்டையே முதன்மை எரிபொருளாகக் கொள்கின்றன. நார் வராவிட்டால் பாக்டீரியாக்கள் பட்டினி கிடப்பதில்லை. குடல் சுவரைக் காத்து நிற்கும் கோழைப் படலத்தையே அரித்துத் தின்னத் தொடங்கிவிடுகின்றன. நார் ஊட்டாத எலிகளின் குடலில் அந்தப் படலம் மெலிந்துபோவதை நுண்ணோக்கியிலேயே பார்க்கலாம்.

அளவு புரிவதற்காகச் சொல்கிறேன்: தோலோடு உண்ணும் நடுத்தர ஆப்பிளில் சுமார் 4 கிராம், ஒரு வாழைப்பழத்தில் சுமார் 3 கிராம், ஒரு கப் வெந்த பருப்பில் சுமார் 15 கிராம் நார் இருக்கிறது. ஆகவே ஒரு வேளை பருப்பு, இரண்டு பழம், இரு வேளை காய்கறி என்றாலே 20 கிராமைத் தாண்டிவிடலாம். இன்று 8 கிராம் சாப்பிடுபவர் நாளையே 25 கிராமுக்குத் தாவினால் வயிறு உப்பி, வலித்து, இந்த உணவே வேண்டாம் என்று வெறுத்துவிடுவார். வாரத்துக்கு 4, 5 கிராம் என்று கூட்டிக்கொண்டு, தண்ணீரையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். ஒரே நார்த்தூளைக் கரைத்துக் குடிப்பதைவிடப் பலவகைத் தாவர உணவுகளை மாற்றி மாற்றி உண்பதையே நான் பரிந்துரைப்பேன். வெவ்வேறு பாக்டீரியாக்களுக்கு வெவ்வேறு நார் தேவைப்படுகிறது.

எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். குடலில் அடைப்போ குறுக்கமோ இருப்பவர்கள், அண்மையில் குடல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், வயிற்றுப்போக்கு உள்ளவர்கள், உடல் எடை வேகமாகக் குறைந்துவருபவர்கள் ஆகியோர் தங்கள் மருத்துவரையோ உணவு ஆலோசகரையோ கேட்காமல் நாரைக் கூட்டக் கூடாது. எடை குறைபவருக்கு முதலில் வேண்டியது போதிய புரதமும் கலோரியும். காய்கறியால் வயிறு நிறைந்து, மற்றதைச் சாப்பிட முடியாமல் போவது அவருக்குக் கேடு.

இம்யூனோதெரபியின் பக்கவிளைவாகப் பெருங்குடல் அழற்சி வரக்கூடும். வழக்கத்தைவிட 4 தடவைக்கு மேல் வயிற்றாலை போனாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, 'நேற்றுச் சாப்பிட்ட பருப்பு ஒத்துக்கொள்ளவில்லை' என்று நீங்களே முடிவுகட்டிக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள்; அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். உரிய நேரத்தில் ஸ்டீராய்டு கொடுத்தால் பெரும்பாலோருக்கு இது அடங்கிவிடும். தாமதித்தால் குடலில் துளை விழும் அளவுக்குப் போகலாம்.

கேள்வி: சிகிச்சை தொடங்குவதற்கு முன் எனக்குக் காய்ச்சல் வந்து ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். அதனால் சிகிச்சை பாழாகிவிடும் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?

பதில்: உங்கள் உறவினர் சொன்னதற்குப் பின்னால் ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் அவர் எட்டிய முடிவு தவறு. 2018-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 249 நோயாளிகளுள் 69 பேர் சிகிச்சை தொடங்கும் காலத்தையொட்டி ஆன்டிபயாட்டிக் எடுத்திருந்தார்கள். அவர்களுக்கு நோய் விரைவில் திரும்பியது, வாழ்நாளும் குறைந்தது. பிந்தைய ஆய்வுகள் பலவற்றிலும், சிகிச்சைக்கு முந்தைய 30 நாள்களுக்குள் எடுத்தவர்களிடம் பாதிப்பு தெரிந்தது. இதற்கான ஒரு வழிமுறை 2023-இல் விளங்கியது. குடலில் மேட்கேம்-1 என்றொரு புரதம், எதிர்ப்புச் செயலைத் தணிக்கும் ஒரு வகை செல்களைக் குடலிலேயே பிடித்துவைக்கிறது. ஆன்டிபயாட்டிக்குக்குப் பிறகு சில பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு பெருகும்போது அந்தப் புரதம் குறைந்துவிடுகிறது. பிடி தளர்ந்ததும் அந்தச் செல்கள் குடலை விட்டு வெளியேறிக் கட்டிக்குள் போய் அமர்ந்து, கட்டியைத் தாக்க வரும் டி செல்களை அடக்குகின்றன.

ஆனாலும், ஆன்டிபயாட்டிக் எடுக்க நேர்ந்தவர்களில் பலர் அடிப்படையிலேயே அதிக நலிவோடு இருந்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆன்டிபயாட்டிக் எடுத்த பிறகும் இம்யூனோதெரபியால் நலமடைந்தவர்கள் இருக்கிறார்கள். நுரையீரலிலோ ரத்தத்திலோ கிருமித் தொற்று இருக்கும்போது மருந்தை மறுத்தால் உயிருக்கே ஆபத்து. உங்களுக்குக் கொடுத்தது தேவைப்பட்டதனால்தான். அதைப் பற்றி வருந்தாதீர்கள். சாதாரணச் சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் மீந்துபோன மாத்திரையைத் தாமாக விழுங்குவதைத்தான் இம்யூனோதெரபி எடுப்பவர்கள் அறவே விட வேண்டும். அமிலம் சுரப்பதைத் தடுக்கும் வயிற்று மாத்திரைகளையும் ஆண்டுக்கணக்கில் கேட்பாரின்றித் தொடர்பவர்கள் உண்டு. அவற்றுக்கும் இம்யூனோதெரபியின் பலன் குறைவதற்கும் தொடர்பு காணப்பட்டிருப்பதால், இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: ஒருவருடைய மலத்தை இன்னொருவருக்குச் செலுத்திப் புற்றுநோய் சிகிச்சை செய்கிறார்களாமே! நம்பலாமா?

பதில்: நம்பலாம். முகம் சுளிக்க வேண்டியதுமில்லை. மல மாற்றம் என்பது, திரும்பத் திரும்ப வரும் ஒரு கடுமையான குடல் தொற்றுக்கு ஏற்கெனவே நிலைபெற்ற சிகிச்சை. 2021-இல் இரண்டு குழுக்கள், இம்யூனோதெரபி பலிக்காத மெலனோமா நோயாளிகளுக்கு, அதே சிகிச்சையால் நலமடைந்தவர்களின் மலத்தை மாற்றிவிட்டு மருந்தை மீண்டும் தொடங்கின. இஸ்ரேலில் 10 பேரில் 3 பேருக்குக் கட்டி சுருங்கியது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 15 பேரில் 6 பேர் பலன் கண்டார்கள். மருந்து கைவிட்ட பிறகு மீண்டும் பலித்தது என்பதுதான் இதில் வியப்பு. கனடாவில் 2023-இல் வெளியான சோதனையில், நலமாக உள்ள கொடையாளர்களின் மலத்தைக் காப்ஸ்யூலாக்கி, சிகிச்சையின் தொடக்கத்திலேயே 20 பேருக்குக் கொடுத்தார்கள். 13 பேருக்குப் பலன் கிடைத்தது.

ஆனால் இது ஆய்வு மையங்களுக்கு வெளியே முயல வேண்டிய ஒன்றே அல்ல. எதிர்ப்பாற்றல் குறைந்த இரண்டு பேருக்கு, மருந்துக்குக் கட்டுப்படாத ஈ.கோலை கிருமி இருந்த மலம் செலுத்தப்பட்டு, அவர்களுள் ஒருவர் இறந்துபோனதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் எச்சரித்தது. கொடையாளரின் மலத்தில் அந்தக் கிருமி இருக்கிறதா என்று முன்கூட்டிப் பரிசோதிக்காமல் விட்டதே காரணம்.

கேள்வி: என் அம்மாவுக்கு இம்யூனோதெரபி பலிக்கவில்லை. கடைசி மாதங்களில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை; கஞ்சியும் ரொட்டியும் இனிப்புமாக, கேட்டதைத்தான் கொடுத்தேன். இந்த ஆய்வுகளைப் படித்த பிறகு, நான் சரியாகச் சமைத்துப் போட்டிருந்தால் அம்மா இருந்திருப்பாரோ என்று தூக்கம் வரவில்லை.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கொடுத்த உணவால் உங்கள் தாயாருக்கு மருந்து பலிக்காமல் போகவில்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஆய்வுகள் சொல்வதே இதுதான். பல புற்றுநோய்களில், இம்யூனோதெரபி எடுப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கட்டி சுருங்குவதில்லை. அவர்களில் நாள்தோறும் காய்கறியும் பருப்பும் குறைவில்லாமல் சாப்பிட்டவர்களும் அடக்கம். மேலே நான் எழுதிய எண்கள் எல்லாம் ஒரு கூட்டத்தின் சராசரியைச் சொல்பவை. ஒரு தனி மனிதர் என்ன சாப்பிட்டதால் என்ன ஆனார் என்பதைச் சொல்லும் ஆற்றல் அவற்றுக்குக் கிடையாது.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நோய் முற்றும்போது கட்டியிலிருந்தும் எதிர்ப்பு செல்களிலிருந்தும் வெளிப்படும் பொருள்கள் மூளையை எட்டிப் பசியை அடக்கிவிடுகின்றன. அவருக்குச் சாப்பாடு இறங்காமல் போனது நோயினால். உங்கள் சமையலால் அல்ல. பசியில்லாத ஒருவரை நார்ச்சத்துக்காக வற்புறுத்தி உண்ணவைத்திருந்தால் வயிறு உப்பி, வாந்தியும் வந்து, அவர் இன்னும் துன்பப்பட்டிருப்பார். அந்த நிலையில் இருப்பவர்களுக்கு, மென்மையாக, சிறிது சிறிதாக, அவர்கள் கேட்பதைக் கொடுங்கள் என்றுதான் நாங்களே குடும்பத்தாரிடம் சொல்கிறோம். உங்கள் தாயாரைக் கவனித்துக்கொண்ட மருத்துவரிடம் நீங்கள் கேட்டிருந்தாலும், நீங்கள் கொடுத்த அந்தக் கஞ்சியைத்தான் அவரும் கொடுக்கச் சொல்லியிருப்பார்.